நான் அழித்த வட்டம்

பழைய வண்டியின் அடியில் துருப்பிடித்த பாகங்களைக் கழற்றுவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். மூச்சு விடாமல் இரண்டு மணி நேரம் பேசுவேன். ஆம்பூரில் பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் முப்பத்தாறு வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் மேஸ்திரி. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சத்துவாச்சாரியில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன். மாமாவிடம் வண்டிப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள் என்று என் மருமகன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

போன மாதம் சதீஷ் போன் செய்தான். அந்த ஒர்க்‌ஷாப்பை இப்போது நடத்துகிறவன் அவன்தான். சென்னைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய அம்பாசடரைப் புதுசு மாதிரி ஆக்கித் தரச் சொல்லி அவனிடம் விட்டிருக்கிறார்.

"அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. பின்னாடி கமான் பட்டை கழட்டப் போயி மூணு போல்ட்டு தலை முறிஞ்சிடுச்சி. ஓனரு தினம் போன் போட்டு ஒரே பேஜார் பண்றாரு."

பஸ் பிடித்துப் போனேன். அங்கே இப்போது லிஃப்ட் இருக்கிறது. வண்டி தலைக்கு மேலே நிற்க, நாம் நின்ற வாக்கில் அடியைப் பார்க்கலாம். துருவை இளக்குகிற ஸ்பிரே, காற்றில் ஓடுகிற ஸ்பேனர் எல்லாம் வந்துவிட்டன. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாங்கள் இறங்கி வேலை பார்த்த பழைய பள்ளத்தை சிமென்ட் போட்டு மூடியிருந்தார்கள். என் முதுகுவலிக்குக் காரணமே அதுதான் என்பதால் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எவ்வளவு சாமான் வந்தாலும் ஆள் ஆள்தானே. வண்டியைத் தூக்கிய கையோடு ஸ்பேனரைப் போட்டிருக்கிறார்கள். நான் அடியைக் கழுவச் சொல்லி, ஒரு சாக்பீஸ் வாங்கி, ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்துக் குறி போட்டேன்.

சதீஷ் மற்ற மெக்கானிக்குகளைக் கூப்பிட்டான். "எல்லாரும் வந்து பாத்துக்கோங்க. சேகர் அண்ணன் வட்டம்னு சொல்வேன்ல, அது இதான்."

"இன்னா வட்டம்?" என்றேன்.

"உங்க வட்டம்தாண்ணே. பேரணாம்பட்டு, வாணியம்பாடி எல்லா ஷாப்லயும் அப்படித்தான் சொல்றாங்க. உங்களுக்கே தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது உடம்பு கூசியது. அந்த வட்டம் என்னுடையது இல்லை. எனக்கு முன்னால் அங்கே மேஸ்திரியாக இருந்த கவுஸ் பாயுடையது. அவர் போட்ட வட்டம் ஒன்றை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் துணியால் துடைத்து அழித்தேன். இருபது வருடமாக அதை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. இனியும் சொல்லாவிட்டால் சதீஷ் கொடுத்த பெயரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டவன் ஆகிவிடுவேன்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து வண்டிகள் அடியிலிருந்துதான் கெடும். கடல் கிடையாது, ஆனால் உப்பு உண்டு. தோல் பதனிடுகிற ஊர்கள் இவை; பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் மண்டிக்கு வரும். சின்ன வியாபாரிகளுக்கு லாரி கட்டுப்படியாகாது. அம்பாசடர் டிக்கியில் கோணியை விரித்து, அதன்மேல் தோலை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருவார்கள். வடிகிற உப்புத் தண்ணீர் டிக்கியின் தரை வழியாக இறங்கி, பின்னால் பாரம் தாங்குகிற கமான் பட்டை, போல்ட், பிரேக் பைப் என்று ஒன்றையும் விடாது. 'உப்பு வண்டி' என்றே இவற்றுக்குப் பெயர். உப்பு வண்டி ஒன்று வேலை முடிந்து வெளியே போகும்போது, எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை பிரஷ்ஷால் அடி முழுக்கத் தடவி அனுப்புவது எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்புகளின் வழக்கம். துரு கொஞ்சம் தள்ளிப்போகும். தடவியபின் பார்த்தால் நல்ல இரும்பும் கெட்ட இரும்பும் ஒரே கறுப்பாகத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. ஐடிஐ முடித்த திமிர் நிறைய இருந்தது. இரண்டு வருடம் கழுவினேன், மூன்று வருடம் விளக்குப் பிடித்தேன், அதற்கப்புறம்தான் கழற்ற விட்டார்கள். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

கவுஸ் பாய் ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். பீடி பிடிக்கிறவர் இல்லை. உள்ளே இருப்பது சாக்பீஸ், ஒடியாமல் இருப்பதற்காக. யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. எவனாவது வேலையைக் கெடுத்துவிட்டால் நேராக வண்டியிடம் போய்ப் பேசுவார். "இன்னாம்மா, ஒன்ன இப்படிப் பண்ணிட்டானா? கொஞ்சம் பொறுத்துக்க, நான் பாக்கறேன்" என்று பானெட்டைத் தட்டிக் கொடுப்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். கெடுத்தவனுக்கு நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். நன்றாகச் செய்தவனுக்கு அவரிடம் கிடைப்பது ஒரே ஒரு 'ம்'. பதினெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த 'ம்'களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்காக ஏங்கினேன். ஏங்கி ஏங்கி, ஒரு கட்டத்தில் அவர்மேல் எரிச்சலே வந்துவிட்டது.

ஆனால் அவர் வேலை செய்த முறை இருக்கிறதே, அதை இன்றைக்கும் ஒரு வரி மாற்றாமல் சொல்லுவேன்.

துருப்பிடித்த வண்டி என்றால் முதல் நாள் ஸ்பேனரைத் தொடக்கூடாது. பள்ளத்தின்மேல் வண்டியை நிறுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டைகள்மேல் உட்கார வைப்போம். ஜாக்கியை நம்பி அடியில் போகிறவனை அவர் ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே விடமாட்டார். கட்டை வைத்த பிறகு அவரே வந்து பம்பரில் இடுப்பை முட்டுக் கொடுத்து இரண்டு முறை தள்ளிப் பார்ப்பார். வண்டி அசையாவிட்டால்தான் நாங்கள் இறங்கலாம். பிறகு மண்ணெண்ணெயில் கழுவவேண்டும். பழைய ஆயிலும் மண்ணும் தோலிலிருந்து விழுந்த முடியும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் கிடக்கும். அதைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கவேண்டும். "இரும்பு மூஞ்சி தெரியணும்" என்பார். போல்ட்டின் மரைகளுக்கு மட்டும் பல் விளக்குகிற பழைய பிரஷ்.

அதற்கப்புறம் சின்னச் சுத்தியல். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போவார், தலையைச் சாய்த்து ஒரு காதை மேலே கொடுத்தபடி. கெட்டியான இரும்பு 'டங்'கென்று சொல்லும். உளுத்துப்போனது 'தொப்'பென்று சொல்லும். அவை எங்கள் எல்லோருக்கும் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் உண்டு. அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

காய்ந்ததும் தீப்பெட்டியைத் திறப்பார். ஒரு கோடு போட்டால், ஸ்பேனருக்கு வரும், கழற்று என்று அர்த்தம். பெருக்கல் குறி போட்டால், வராது, மல்லுக்கட்டாதே, வெட்டி எடு. வட்டம் போட்டால், கை வைக்காதே, என்னைக் கூப்பிடு. ஏன் என்று சொல்லமாட்டார். வட்டம் அவர் அபூர்வமாகத்தான் போடுவார், வண்டிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குறி போட்டு முடிந்ததும், கோடு போட்ட போல்ட்டுகளுக்கெல்லாம் டீசலில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் கழற்றும்போதுகூட, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, துரு விட்டுக்கொடுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் இந்தப் பக்கம் திருப்பவேண்டும். கைக்கு வரவில்லையென்றால் மறுபடி நனைத்து, டீ குடிக்கப் போய்விட வேண்டும்.

இப்போது அந்த வண்டி. பேரணாம்பட்டில் தோல் மண்டி வைத்திருந்த நசீர் என்பவருடைய அம்பாசடர். பின்னால் இரண்டு பக்கமும் கமான் பட்டை மாற்றவேண்டும். வியாழக்கிழமை காலையில் கொண்டு வந்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலமே வேண்டும் என்றார். பிரசவத்துக்கு வந்திருந்த மகளைக் கைக்குழந்தையோடு சனிக்கிழமை வாலாஜாபேட்டையில் புகுந்த வீட்டுக்கு அனுப்பவேண்டுமாம். ஒர்க்‌ஷாப் ஓனர் சரியென்று சொல்லிவிட்டார். கவுஸ் பாய், "மூணு நாள் வேலை இது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார்.

வியாழக்கிழமை கழுவித் தட்டிக் குறி போட்டது எல்லாம் முறைப்படி நடந்தது. பள்ளத்துக்குள் அவரும் நானும் மட்டும். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். வலது பின்சக்கரத்துப் பக்கம், இரும்பு பிரேக் பைப் வந்து ரப்பர் குழாயோடு சேருகிற இடத்தில் அவர் சுத்தியலின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டினார். திரும்பவும் தட்டினார். அதற்குப் பக்கத்தில் பாடியில் ஒரு வட்டம் போட்டார். அந்த வண்டிக்கு அவர் போட்ட ஒரே வட்டம் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குக் கிளம்பினார். கை கால் கழுவிக்கொண்டே, "சேகர், கோடு போட்டத மட்டும் கழட்டி வை. ஒரு மணி நேரத்துல வர்றேன்" என்றார்.

கோடு போட்டதெல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. ஒன்றுகூட முறியவில்லை. அது எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடுத்து, பின்சக்கரங்களைத் தாங்குகிற ஆக்ஸிலைக் கீழே இறக்கவேண்டும். பிரேக் பைப்பைக் கழற்றிவிட்டால் ஆக்ஸிலை ஒரேயடியாக வெளியே எடுத்துவிடலாம். கழற்றாமல் செய்வதானால் முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடுப்பொடிய வேலை செய்யவேண்டும். வட்டம் என் மூக்குக்கு எதிரே இருந்தது. நானும் பதினெட்டு வருட ஆள்தானே, இவர் வந்து இதில் என்ன புதுசாகப் பண்ணிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் கழன்று வரிசையாக இருக்கவேண்டும், அவர் ஒரு 'ம்' சொல்லவேண்டும். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் அந்த நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

நட்டு திரும்பியது. வந்துவிட்டது என்று நினைத்தேன். அது பைப்போடு ஒட்டிப்போயிருந்திருக்கிறது. நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டது. கால் சுற்று. உடனே நிறுத்தி, மெதுவாகப் பழைய இடத்துக்கே திருப்பினேன். பைப்பில் மெல்லிசாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மேலே ஏறி, சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மூன்று தடவை ஓங்கி மிதித்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது பைப் போடவேண்டும், வண்டி ஒரு நாள் தாமதமாகும், நசீர் சத்தம் போடுவார், அவ்வளவுதான். நான் பயந்தது அதற்கெல்லாம் இல்லை. கவுஸ் பாய் வந்து பானெட்டைத் தட்டிக் கொடுத்து, "ஒன்ன இப்படிப் பண்ணிட்டானா" என்று கேட்பாரே, அதற்கு. நாற்பது வயது ஆள் நான், எல்லோர் எதிரிலும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று பட்டது. வட்டம் இருந்தால் அவர் கண் நேராக அந்த நட்டுக்குப் போகும், நட்டில் ஸ்பேனர் கடித்த தடம் பளிச்சென்று இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். ஒரே துடைப்பில் வட்டம் போய்விட்டது. நட்டின்மேல் பழைய ஆயிலைத் தடவினேன்.

பாய் தொழுகை முடித்து வந்து பள்ளத்தில் இறங்கினார். கழற்றி வைத்ததையெல்லாம் பார்த்தார். கடைசியில் அவர் கை அந்த பைப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"சேகர், இங்க நான் ஏதாவது போட்டேனா?"

"இல்லியே பாய்."

"வட்டம் போட்டாப்ல ஞாபகம்."

"போன வாரம் வந்த வண்டிக்குப் போட்டீங்க பாய். அத நெனச்சிக்கினு இருக்கீங்க."

அந்தப் பொய் எனக்கு யோசிக்காமலே வந்தது. அவர் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. விளக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றவன் சொல்கிறானே என்று பார்த்தார். சுத்தியலைக் கையில் எடுத்தார். அதற்குள் மேலேயிருந்து ஓனர், "பாய், நசீர் வந்து ஒக்காந்திருக்காரு, எவ்ளோ நேரம் ஆவும்?" என்று குரல் கொடுத்தார். பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றார். தன் ஞாபகத்தைவிட என் வார்த்தையை நம்பிச் சொன்ன 'சரி' அது.

பைப்பைக் கழற்றாமலே, ஆக்ஸிலுக்கு முட்டுக் கொடுத்துக் கமான் பட்டைகளை மாற்றினோம். சாயங்காலம் வேலை முடிந்ததும் வழக்கப்படி அடி முழுக்கப் பழைய ஆயில் தடவினோம். அந்த இடத்துக்கு மட்டும் நான் இரண்டு கை கூடுதலாகவே தடவினேன்.

சனிக்கிழமை பள்ளிகொண்டா தாண்டிப் போகும்போது முன்னால் போன லாரி திடீரென்று நின்றிருக்கிறது. நசீரின் டிரைவர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே லைன், ஓரிடத்தில் பைப் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அவர் கெட்டிக்காரர். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, வண்டியை ரோட்டை விட்டு இறக்கிப் புளியமரத்தில் ஓரமாக உரசி நிறுத்திவிட்டார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நசீரின் மகளுக்கு நெற்றியில் காயம். கைக்குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் அந்தக் குழந்தையை நினைக்காமல் நான் ஒரு வருடம் சோறு தின்றதில்லை.

செய்தி வந்ததும், "நான் போயி வண்டிய எடுத்துனு வர்றேன்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவன் நான்தான். சேகருக்கு எவ்வளவு பொறுப்பு என்று ஓனர்கூடச் சொன்னார். அங்கே போய் அடியில் நுழைந்து பார்த்தேன். நான் முறுக்கிய மடிப்பிலேயே பைப் பிளந்திருந்தது. ஆக்ஸா பிளேடால் நட்டோடு ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்து, பக்கத்துக் கால்வாயில் எறிந்தேன். ஒர்க்‌ஷாப்பில் வந்து, "இழுத்துனு வர்றதுக்கு இடைஞ்சலா தொங்கிச்சு பாய், வெட்டிட்டேன்" என்றேன். முதல் தப்பை அவசரத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதை நிதானமாகத்தான் செய்தேன்.

பாய் மிச்சமிருந்த பைப்பை விரலால் அழுத்தினார். துரு உதிர்ந்தது. நசீர் எதிரே நின்றிருந்தார்.

"உங்கள நம்பித்தான் பாய் என் பொண்ண ஏத்தி அனுப்பிச்சேன்."

"தப்பு என்னுது" என்றார் கவுஸ் பாய். "அந்த எடத்துல வட்டம் போட்டிருக்கணும். போட்டேன்னே நெனச்சிக்கினு இருந்தேன். போடல."

ஒர்க்‌ஷாப்பே கூடி நின்று கேட்டது. நான் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன். பாய் வண்டியின் முன்பக்கம் போனார். பானெட்டின்மேல் கையை வைத்தார். எதுவும் பேசாமல் கையை எடுத்துக்கொண்டார்.  

அடுத்த வாரம் வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டி வந்தார். "கண்ணு சுத்தமா இருக்குதாம்" என்று என்னிடம் சொன்னார். "அப்போ கோளாறு மண்டையிலதான்." அதற்குப் பிறகு குறி போடுவதற்கே அவருக்கு அரை நாள் ஆனது. போடுவார், துடைப்பார், மறுபடி போடுவார். போட்டதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வார். அதுவும் போதாமல் என்னைக் கூப்பிடுவார். "சேகர், இங்க வட்டம் போட்டிருக்கேனா? பாத்துச் சொல்லு." உலகத்தில் வேறு ஆளே கிடைக்காத மாதிரி என்னைத்தான் கேட்பார். "போட்டிருக்கீங்க பாய்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். உண்மையைச் சொல்வது அவ்வளவு கசப்பாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலு மாதம் தாங்கினார். ஒரு நாள் ஓனரிடம் போய், "ஞாபகம் போனவன் பிரேக்கு வேலை பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு ஷூ கம்பெனியில் கேட் வாட்ச்மேனாகப் போனார். உள்ளே வருகிற லாரி நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை. நான் மேஸ்திரி ஆனேன். வந்தவர்களுக்கெல்லாம் கோடும் பெருக்கல் குறியும் வட்டமும் சொல்லிக் கொடுத்தேன். யாராவது வட்டத்தில் கை வைத்தால் குதிப்பேன். இதெல்லாம் யாரிடம் கற்றது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஷூ கம்பெனி கேட் நான் வேலைக்குப் போகிற வழியில்தான் இருந்தது. பதினோரு வருடம் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போனேன். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புவார். ஒவ்வொரு முறையும் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சதீஷ் 'சேகர் அண்ணன் வட்டம்' என்று சொன்னதற்கு மூன்றாம் நாள் ஆம்பூரில் பாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயதில், கண்ணாடி போடாமல்.

"வா வா சேகர்! இன்னாப்பா, வழி தெரிஞ்சிச்சா?" என்று இன்னொரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். உள்ளே திரும்பி, "ஜமீலா, யார் வந்துகிறது பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். பாயம்மா டீ கொண்டுவந்து வைத்து, மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் விசாரித்துவிட்டு உள்ளே போனார். நான் டீயைத் தொடவில்லை. தொட்டுவிட்டால் சொல்ல முடியாது என்று இருந்தது.

"பாய், நசீர் வண்டில நீங்க வட்டம் போட்டிருந்தீங்க. நான்தான் அழிச்சேன்."

பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். 

"எதால அழிச்ச?"

"மண்ணெண்ணெய்த் துணியால பாய்."

"ஸ்பேனரு போட்டியா?"

"போட்டேன்."

"பைப்பு எவ்ளோ முறுக்கிச்சி?"

"கால் சுத்து. உடனே திருப்பிட்டேன். அப்புறம் வெட்டிப் போட்டதும் அத மறைக்கத்தான்."

"நட்டுகிட்டயா, தள்ளியா?"

"ஒரு விரக்கட தள்ளி."

இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, வலது கையால் அதைப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பிப் பார்த்தார். "அங்கதான்" என்றார் மெதுவாக. "அங்கதான் சத்தம் மாறிச்சி."

அவர் என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ஜமீலா! இங்க வா! நான் போட்டிருந்தேன்! வட்டம் போட்டிருந்தேன்!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். "ஞாபகம் இருக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல? மண்டைக்கு ஒன்னுமே ஆவல. காதும் நல்லாத்தான் இருந்திருக்குது."

பாயம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முன்னால் ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தார். நடந்தது என்ன என்று அவருக்குப் பாயைவிடச் சீக்கிரம் விளங்கிவிட்டது.

"அப்போ பதினோரு வருஷம் கேட்டுல ஒக்காந்து லாரி நம்பர் எழுதினீங்களே, அது எதுக்கு?"

கேட்டது கணவரை. ஆனால் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.  பாய் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. இவரு எங்கூட வேலை செஞ்சவரு. நான் அன்னிக்கு வட்டம் போட்டிருந்தேன். வேணும்னா இவரையே கேளுங்க."

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஆமாங்க" என்றேன். "போட்டிருந்தாரு."